இறக்கத்தை வைத்துப் போட்ட திட்டம்: கோடை மலைப் பயணத்துக்கு ஒரு பழைய வண்டியைத் தயார் செய்த பதிவு

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே பழனி மலைத்தொடர் தெரியும். பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அந்த நீல விளிம்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு ஒவ்வோர் ஆண்டும் கோடை கழிந்துவிடும். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். மே மாதம் முழுவதும் விடுமுறை. இந்த முறை நானும் மனைவியுமாக இருசக்கர வண்டியிலேயே பழனி மலையைச் சுற்றிவிட்டு, சமவெளியில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்கு ஏறித் திரும்புவது என்று மாசியிலேயே முடிவு செய்தோம். மொத்தம் பத்து நாள்.

முதலில் போட்ட திட்டம் எல்லோரும் போடுவது போன்றதுதான். பார்க்க வேண்டிய ஊர்களை ஒரு தாளில் எழுதி, அவற்றைக் கோட்டால் இணைத்து, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வகுத்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் நடத்திய ஒரு சோதனை ஓட்டம் அந்தத் தாளைக் கிழித்துப் போட வைத்தது. அதன் பிறகு வண்டியில் செய்த வேலைகளையும் மாற்றி எழுதிய பாதையையும் இங்கே பதிவு செய்கிறேன். மலைக்குப் பழைய வண்டியில் கிளம்பும் குடும்பஸ்தர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் சிலருக்காவது இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வண்டி 2012ஆம் ஆண்டு வாங்கியது. 150 சிசி, கார்புரேட்டர் வகை, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதனால்தான் மலைக்கு இது போதும் என்று நம்பினேன். ஏற்றத்தில் திணறுமா, இருவரையும் சுமைகளையும் இழுக்குமா என்பது மட்டுமே அப்போது என் கவலையாக இருந்தது.

சோதனை ஓட்டம் பொய்யாக இருக்கக் கூடாது என்பதால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, பயணத்துக்குக் கொண்டுபோகும் எடைக்குச் சமமாக அரிசியைப் பக்கப் பைகளில் நிரப்பிக் கட்டினேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, காமக்காபட்டி சோதனைச் சாவடியைக் கடந்து, டம்டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு வழியாகப் பெருமாள்மலை வரை ஏறினோம். வண்டி ஓரிடத்திலும் சிணுங்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு, மனம் நிறைந்து திரும்பினோம்.

இறங்கும்போது நான் செய்தது, சமவெளியில் இருபது ஆண்டுகளாக ஓட்டிப் பழகியவன் செய்வதையே. நான்காவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, முன்பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஊத்துக்குக் கீழே வந்தபோது மனைவி தோளைத் தொட்டு, “ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருது” என்றாள். முன்னால் போகும் லாரியின் வாசனையாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன் பிரேக் நெம்பைப் பிடித்தேன். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியைப் பிழிவது போல இருந்தது. கைகள் அனிச்சையாக இரண்டு கியர் குறைத்தன; பின்பிரேக்கை மிதித்து, சுவரோரமாக ஒண்டி, வளைவைக் கடந்து, டம்டம் பாறைக் காட்சிமுனையில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்து நிறுத்திய பிறகுதான் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. எதிரே தலையாறு அருவி வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.

ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டு உதறினேன். தோசைக்கல்லில் விழுந்தது போலச் சீறி, உருண்டு, காணாமல் போனது. அரைமணி நேரம் கழித்து பிரேக் நெம்பு தானாகவே கெட்டிப்பட்டது. எங்கும் ஒழுகவில்லை, எதுவும் உடையவில்லை, சூடு ஆறியதும் பிரேக் திரும்பி வந்துவிட்டது. இந்த அறிகுறி எனக்குப் பாடமாகவே தெரியும். பிரேக் திரவம் கொதித்திருக்கிறது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் விரலின் விசை அப்படியே, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுக்குப் போய்ச் சேர்கிறது. கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், விரலின் விசை முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். வகுப்பில் பாஸ்கல் விதியை ஆண்டுதோறும் நடத்தியும், என் வண்டியின் குழாய்க்குள் இருப்பதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. மீதித் தூரத்தை இரண்டாவது கியரில், மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இறங்கி வீடு சேர்ந்தோம்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி, நாங்கள் இருவர், சுமை எல்லாம் சேர்த்து 285 கிலோ. கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். அந்த எடை அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 50 லட்சம் ஜூல். நம் வீட்டு மீட்டர்க் கணக்கில் 1.4 யூனிட். முப்பது டிகிரியில் இருக்கும் பதினேழு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. இதில் ஒரு பங்கைக் காற்றின் தடையும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்குக் கொடுக்காவிட்டால் உள்ளங்கையளவுகூட இல்லாத இரண்டு பேடுகளும் ஒரு மெல்லிய தகடுமே வாங்க வேண்டும். நான்காவது கியரில் விட்டதன் மூலம் பெரும்பகுதியை அந்தத் தகட்டின் தலையில் நான்தான் கட்டியிருக்கிறேன். இந்த எண்களைப் பார்த்த பிறகு பயணத்தை ஏற்றத்திலிருந்து யோசிப்பதை விட்டுவிட்டேன். எந்தப் பாதையில், எந்த நேரத்தில், எவ்வளவு எடையோடு இறங்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைப்பது என்று புதிய தாளில் தொடங்கினேன்.

ஆனால், ஓட்டிய முறை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் தெருமுனைப் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்குள்ள மெக்கானிக் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி, பின்புறத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். “சக்கரத்தச் சுத்தி விடு தம்பி, பார்ப்போம்” என்றார். சுற்றி விட்டேன். அரைச் சுற்றுகூட வராமல் சக்கரம் நின்றது. பிரேக்கை யாரும் தொடவில்லை. “நீ பிடிச்சதுக்கு மேல அதுவாவும் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு” என்றார்.

பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதிக்குக் காலிப்பர் என்று பெயர். அதைக் கழற்றியதை விரிவாகவே சொல்ல வேண்டும். இது ஒற்றைப் பிஸ்டன் வகை. பிஸ்டன் ஒரு பேடை மட்டுமே தள்ளும். காலிப்பர் முழுவதும் இரண்டு ஊசிகளின் மேல் நகர்ந்து மறுபக்கப் பேடை இழுத்து அணைக்கும். அந்த ஊசிகள் வழுக்கினால்தான் பிரேக் விடும். எங்கள் வண்டியில் ஓர் ஊசியை உருவியபோது கிரீஸ் காய்ந்து பிசினாகி, செம்பழுப்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிஸ்டனின் வெளி விளிம்பில் பேட் தூளும் சேறும் சேர்ந்து ஒரு வளையம் படிந்திருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்துக்கு ஒழுகலைத் தடுப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது அந்த ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைகிறது. விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்கிறது. டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி அந்த மயிரிழைதான். அழுக்கு வளையம் அதைத் தடுத்துவிட்டால், பேட் நாள் முழுவதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

ஊசிகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துருவை எடுத்தோம். ரப்பர் உறைகளைப் புதிதாக வாங்கி, வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி மாட்டினோம். இங்கே சாதாரண கிரீஸ் போடக் கூடாது. அது ரப்பரை ஊதவைத்துவிடும். பிஸ்டனையும் அதன் ரப்பரையும் பெட்ரோலால் கழுவுவதும் அதே காரணத்தால் தவறு. புதிய பிரேக் திரவத்தையே பஞ்சில் நனைத்துத் துடைத்தோம்.

அடுத்தது திரவம். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐந்து மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் சர்வீஸுக்கு விட்டபோது, பிரேக் திரவம் மாற்றியதாகப் பில்லில் எழுதிப் பணம் வாங்கியிருந்தார்கள். இப்போது கைப்பிடி அருகிலுள்ள திரவக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பால் விடாத காப்பி நிறத்தில் ஒரு திரவம் இருந்தது. கீழே காலிப்பரில் காற்று வெளியேற்றும் நிப்பிளின் ரப்பர் மூடி, பல மழைக்காலத்துச் சேறு இறுகி, கல்லாக ஒட்டியிருந்தது. அந்த மூடியை எடுக்காமல் திரவத்தை மாற்றவே முடியாது. பில்லைப் பார்த்து நம்பியது என் தவறு. திரவத்தின் நிறத்தைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்ட நிலைக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகவே. பாதி பயன்படுத்திய பாட்டிலை அலமாரியில் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றுவதில் பயனில்லை. அலமாரியில் இருக்கும்போதே அது ஈரத்தைக் குடித்துவிடும். சீல் உடைக்காத சிறிய பாட்டிலாகப் பார்த்து வாங்கினேன்.

திரவம் மாற்றும் வேலையை வீட்டு முற்றத்தில் நாங்களே செய்தோம். பயணத்தின் நடுவில் தேவைப்பட்டால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று மனைவிதான் சொன்னாள். நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய திரவம் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைத்தோம். பெயின்ட்டில் சிந்தினால் அரித்துவிடும் என்பதால் டேங்கின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியிருந்தோம். அவள் பிரேக் நெம்பைப் பிடித்துக்கொண்டு “பிடிச்சுட்டேன்” என்பாள். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, திரவம் வந்ததும் மூடி, “விடு” என்பேன். மூடுவதற்குள் அவள் விட்டுவிட்டால் காற்று உள்ளே போய்விடும். இரண்டு முறை அப்படி ஆகி, முதலிலிருந்து தொடங்கினோம். மேலே கிண்ணத்தில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கறுப்புக் காப்பியாக வந்தது, பிறகு தேநீராயிற்று, நடுவே ஜவ்வரிசி போலக் குமிழ்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் குழாயில் நகர்ந்தன, கடைசியில் நீர்த்த தேன் நிறத்தில் தெளிவாக வந்தது. குமிழ் நின்ற பிறகும் நெம்பு முழுக் கெட்டியாகவில்லை. மெக்கானிக் அண்ணன் சொன்னபடி இரவு முழுவதும் அதைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டி வைத்தோம். குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த நுண்குமிழ்கள் மேலே கிண்ணத்துக்கு ஏறிவிட, காலையில் நெம்பு கல்லைப் போல் நின்றது. சக்கரம் மூன்று சுற்றுக்கு மேல் தடையில்லாமல் சுற்றியது. அந்த மூன்று சுற்றையும் மனைவி வாய்விட்டு எண்ணினாள்.

பின்பக்க டிரம்மில் பெரிய வேலை இல்லை. லைனர் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. மேற்பரப்பு மட்டும் கண்ணாடியாகப் பளபளத்திருந்ததால் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து விட்டோம். உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைப்பதே முறை.

செயின் தேய்ந்திருந்ததால் செயின் செட்டை மாற்ற வேண்டியிருந்தது. முன்பல்சக்கரம் 15 பல், பின்பல்சக்கரம் 42 பல் என்பது பழைய அளவு. முன்னால் 14 பல் போட்டால் விகிதம் 2.8இலிருந்து 3.0 ஆகும், ஏறுவதற்கு இழுவை ஏழு சதவீதம் கூடும். நான் அதைப் போட்டதற்கு முக்கியக் காரணம் இறக்கம். அதே கியரில், அதே வேகத்தில் எஞ்சின் சற்றுக் கூடுதலாகச் சுழலும். அது வண்டியைப் பிடித்து நிறுத்தும் திறனும் அந்த அளவுக்குக் கூடும். சமவெளியில் நான்கைந்து கிலோமீட்டர் வேகம் குறைந்ததாக உணர்கிறேன், மைலேஜும் கொஞ்சம் குறையும். அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த வண்டியில் ஸ்பீடோ கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் வேகக் காட்டியில் மாற்றம் இல்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் கை வைப்பதா என்று நீண்ட நேரம் யோசித்தேன். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். காற்று மெலிந்து பெட்ரோல் அதே அளவில் வந்தால் கலவை தடித்துவிடும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வண்டி ஐடிலில் தள்ளாடும், இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆனால் நாங்கள் மேலேயே குடியிருக்கப் போவதில்லை. நான்கு நாளில் மீண்டும் பொள்ளாச்சி வெயிலில் ஓட்ட வேண்டும். பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மலைக்கேற்பக் கலவையை மெலிய வைத்தால் சமவெளிச் சூட்டில் எஞ்சின் காய்ந்து கெடும். ஆகவே ஏர் ஃபில்டரை மாற்றி, புதிய பிளக் ஒன்றைப் போட்டு, பழையதைப் பையில் வைத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டேன். ஐடில் மிகவும் தள்ளாடினால் மட்டும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்து, கீழே வந்ததும் பழைய இடத்துக்கு மூடிக்கொள்ளலாம் என்று அண்ணன் காட்டிக் கொடுத்தார்.

டயர் காற்றைப் பற்றி ஒரு சொல். மலைக்குப் போனால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலரும் கூட்ட வேண்டும் என்று சிலரும் சொல்வார்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ மூன்று பவுண்டு குறைவதால் அளவுகோல் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதே நேரம் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்குவதால் ஏறத்தாழ அதே அளவு குறைந்தும் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. இரண்டாவது சோதனை ஓட்டத்தில் வீட்டில் 28 காட்டிய டயர் கொடைக்கானலின் விடியற்குளிரில் 28க்கு மயிரிழை மேலே காட்டியதைப் பார்த்தபோது, கரும்பலகையில் போட்ட கணக்கு தரைக்கு வந்து நின்றதைப் போல மகிழ்ந்தேன். காற்றை ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி பாதை. பழனி மலைக்கு நேர்ப்பாதையில் ஏறாமல் சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாகப் பண்ணைக்காட்டுக்கு ஏறுவது என்று மாற்றினேன். குறுகிய பாதைதான்; காப்பித் தோட்டங்களின் நிழலில், சுற்றுலாப் பேருந்துகளின் நெரிசல் இல்லாமல் போகலாம். மறுநாள் பெருமாள்மலை, கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர். கொடைக்கானலிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் பூம்பாறையும் மன்னவனூரும் உள்ள மேல்மலைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு முழு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் நடக்கலாம் என்பது மனைவியின் ஏற்பாடு. மலைப்பூண்டு விளையும் வயல்களை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நீண்ட நாள் ஆசை. நான்காம் நாள் பெருமாள்மலையிலிருந்து சவரிக்காடு வழியாகப் பழனிக்கு இறக்கம். கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். இதற்கு அரை நாளை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். கோடையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும் என்பதால், எல்லா இறக்கங்களையும் காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் உடுமலை, பொள்ளாச்சி, கோவை வழியாக மேட்டுப்பாளையம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வெயில். விடியுமுன் கிளம்பி வெயிலுக்கு முன் சேர்ந்துவிட வேண்டும், வேறு ஒன்றும் இல்லை.

நீலகிரியில் எதில் ஏறுவது, எதில் இறங்குவது என்பதற்குத்தான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். சீசன் நாட்களில் ஏறும் வண்டிகளைப் பர்லியார், குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்புவது அங்கே வழக்கம். அதை மீறி யோசிக்க வேண்டியதில்லை. கோத்தகிரிப் பாதையின் இறக்கம் சற்று நிதானமானதும்கூட. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கு இறங்க வேண்டும் என்று முதல் தாளில் எழுதியிருந்தேன். வெளி மாவட்ட வண்டிகள் அதில் இறங்குவதைக் காவல்துறை தடுப்பதற்கான காரணம் டம்டம் பாறையில் எனக்கே புரிந்துவிட்டது. அந்த வரியைத் தயங்காமல் அடித்தேன். மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் 43 வளைவுப் பாதையையும் மனமில்லாமல்தான் விட்டேன். யானை நடமாட்டமுள்ள அந்தக் காட்டில் பிரேக் ஆறுவதற்காக அரைமணி நேரம் நிற்பது முடியாத காரியம். உதகையிலிருந்து மஞ்சூர் வரை போய்த் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவதோடு சரி. கோத்தகிரியிலிருந்து இறங்கும்போதும் குஞ்சப்பனைப் பகுதியில் பலாப் பழுக்கும் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அந்த இடத்தைக் கடக்க வேண்டும்.

கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழியில் எடுக்கும் முன் அனுமதி) கட்டாயமாயிற்று. இருசக்கர வண்டிக்கும் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வண்டிகளுக்கு வரம்பு வைத்தார்கள். புதன்கிழமை கிளம்பினால் வியாழன், வெள்ளி கொடைக்கானல் மேல்மலை, சனி இறக்கம், ஞாயிறு சமவெளி, திங்கள் உதகை ஏற்றம் என்று அமைகிறது. கூட்டம் மலைக்கு ஏறும் நாட்களில் நாங்கள் கீழே இருப்போம்.

சுமையைப் பொறுத்தவரை முடிவு முழுவதும் மனைவியுடையது. தொங்கு தராசில் பைகளை மாட்டிப் பார்த்தபோது 19 கிலோ காட்டியது. “இவ்வளவையும் மேல ஏத்தி எறக்கணுமாங்க?” என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, 12 கிலோவில் நிறுத்தினாள். கருவிகள், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் போன்ற கனமானவை பக்கப் பையின் அடியில், பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும்படி வைத்தோம். உயரத்தில் கட்டினால் கொண்டை ஊசியில் வண்டியைச் சாய்க்கும்போது பின்புறம் இழுக்கிறது. நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை என்பதால் இரண்டு எவர்சில்வர் பாட்டில்கள். மழைக்கோட்டு, காற்றில் படபடக்காத சட்டை-கால்சட்டை வகை. மாற்றுக் கேபிளாகக் கிளட்ச்சுக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று, பழைய கேபிள்களை ஒட்டியே டேப் சுற்றிக் கட்டிவிட்டேன். அறுந்தால் இரு முனைகளையும் மாட்டினால் போதும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் இரண்டாவது சோதனை ஓட்டம். அதே 285 கிலோ, அதே பாதை, இந்த முறை கொடைக்கானல் வரை, இரவு தங்கினோம். காலை ஏழரைக்கு இறங்கத் தொடங்கினேன். இரண்டாவது கியரில் வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாமல் தானாகவே அடங்கி வந்தது; நேரான இடங்களில் மட்டும் மூன்றாவது. பிரேக்கை வளைவுக்கு முன் இரண்டு கைகொட்டும் நேரத்துக்கு அழுத்தமாகப் பிடித்துவிட்டு முழுவதும் விட்டுவிடுவேன். லேசாகப் பிடித்துக்கொண்டே வரும் பழக்கத்தை விரலிலிருந்து பிரிக்க வெள்ளி நீர்வீழ்ச்சி வரை ஆயிற்று. ஏறி வரும் பேருந்துக்குக் கொண்டை ஊசியில் முழு அகலமும் தேவை என்பதால், ஹாரன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்றோம்.

டம்டம் பாறையில் நிறுத்தி, விரலை நனைத்து டிஸ்க்கில் ஒரு சொட்டு உதறினேன். சீறவில்லை. தகட்டில் பரவி, ஓரங்களிலிருந்து மெதுவாக உலர்ந்தது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து “ஏழு செகண்டுங்க” என்றாள். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இந்த முறை தலையாறு அருவியை நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினோம். வீட்டில் நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். மூன்று சுற்று வந்தது. நிப்பிளுக்கான எட்டு நம்பர் ஸ்பேனரும், பிளாஸ்டிக் குழாயும், சீல் உடைக்காத ஒரு சிறிய பாட்டில் பிரேக் திரவமும் கருவிப் பையில் ஏறிவிட்டன. வருகிற புதன்கிழமைக்கு இ-பாஸ் எடுத்தாயிற்று.